கண்ட படமும் கொண்ட கருத்தும்

நுழையும்முன்

திரைப்படத்தைப் பார்ப்பது எளிது. பார்த்த படத்தைப் பற்றி நம் மனத்தில் எழுந்ததைப் பிறருக்கு விளங்குமாறு எடுத்துரைப்பது, பழகிப் பெற வேண்டிய ஒரு திறன். நம் கருத்து எங்கிருந்து பிறக்கிறது, அதற்குக் காரணம் காட்டுவது எவ்வாறு, மாறுபட்ட கருத்துடையவரோடு உரையாடுவது எவ்வாறு என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மூன்று சொற்களில் முடியும் தமிழ்

பணிக்காகவும் தொழிலுக்காகவும் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஐதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. இக்குடும்பங்களின் பிள்ளைகள் தெருவில் தெலுங்கும், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் பேசி வளர்கின்றனர். வீட்டுக்கு வெளியே அவர்கள் தமிழை மிகுதியாகக் கேட்பது திரைப்படங்களில்தான். மதுரைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் தஞ்சைப் பேச்சும் திரையின் வழியாகவே அவர்கள் காதுகளை அடைகின்றன.

ஆயினும், இங்கே பேசுவது திரை. நாம் கேட்பவர்களாக மட்டுமே இருக்கிறோம். படம் முடிந்தபின் ஒருவர், "படம் எப்படி இருந்தது?" என்று வினவினால், 'சூப்பர்', 'செம', 'மொக்கை' என்னும் மூன்று சொற்களுக்குள் நம் விடை அடங்கிவிடுகிறது. அதற்கு மேலும் ஏதேனும் சொல்ல விரும்பினால், பலர் ஆங்கிலத்துக்கோ இந்திக்கோ மாறிவிடுகின்றனர்.

நண்பர்களுக்கிடையே அச்சொற்களைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால், அவை கேட்பவருக்கு எதையும் தெரிவிப்பதில்லை. 'செம' என்ற சொல்லைக் கொண்டு அந்தப் படம் சிரிப்பூட்டியதா, கண்கலங்க வைத்ததா, சண்டைக் காட்சிகளால் கவர்ந்ததா என்று அறிய இயலாது. சொன்னவருடைய மகிழ்ச்சி மட்டும் தெரிகிறது. மகிழ்ச்சிக்கான காரணம் தெரியவில்லை. காரணத்தைச் சொல்லத் தொடங்கும்போதுதான் நமக்குச் சொற்கள் தேவைப்படுகின்றன. கேட்டுப் பழகிய தமிழ், பேசும் தமிழாக மாறுவதும் அப்போதுதான்.

கதை வேறு; கருத்து வேறு

"படத்தைப் பற்றிச் சொல்" என்றால் நம்மில் பலர் கதையை முதலிலிருந்து இறுதிவரை சொல்லத் தொடங்குகிறோம். கதையைச் சொல்வது கருத்துரைப்பதாகாது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை அறியலாம்.

ம. மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை' என்னும் படம் 2015ஆம் ஆண்டு சூன் மாதத்தில் திரையரங்குகளுக்கு வந்தது. சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதை அது பெற்றது. அதில் நடித்த சிறுவர்கள் இருவரும் சிறந்த குழந்தை நடிகர்களுக்கான தேசிய விருதைப் பெற்றனர். பத்தாண்டுகளுக்கு முந்தைய படமாதலாலும், பலரும் அறிந்த கதையாதலாலும் அதனை இங்கு முழுமையாகக் காணலாம்.

சென்னையின் குடிசைப் பகுதி ஒன்றில் தாயோடும் பாட்டியோடும் வாழும் சகோதரர் இருவர், இருப்புப்பாதை ஓரம் சிந்திக் கிடக்கும் நிலக்கரியைப் பொறுக்கி விற்கின்றனர். தந்தை சிறையில் இருக்கிறார். காக்கையின் முட்டையை எடுத்துக் குடிப்பதால் அச்சிறுவர்களுக்குப் 'பெரிய காக்கா முட்டை', 'சின்ன காக்கா முட்டை' என்னும் பட்டப்பெயர்கள் அமைகின்றன. அவர்கள் விளையாடிய இடத்தில் ஒரு பீட்சா கடை எழுகிறது. தொலைக்காட்சி விளம்பரத்தில் கண்ட பீட்சாவை உண்ண வேண்டும் என்னும் ஆசை அவர்களைப் பற்றிக்கொள்கிறது. பத்து பத்து ரூபாயாகச் சேர்த்து, ஏறத்தாழ முந்நூறு ரூபாய் திரட்டுகின்றனர். ஆனால், அவர்களுடைய தோற்றத்தைக் கண்டு கடையின் வாசலிலேயே தடுத்துவிடுகின்றனர்.

மேலே உள்ளது கதைச்சுருக்கம். இதனை எழுதியவர் அந்தப் படத்தை விரும்பினாரா, வெறுத்தாரா என்பதை இதிலிருந்து அறிய முடியாது. படத்தைப் பார்த்த அனைவரும் ஏறத்தாழ இதே சுருக்கத்தைத்தான் எழுதுவர். கருத்தோ ஆளுக்கு ஆள் வேறுபடும். கேட்பவர் நம் கருத்தைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் கதையைச் சொன்னால் போதும். நான்கைந்து தொடர்களே மிகுதி.

அண்மையில் வெளிவந்த படமாயின் மேலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. அதன் முடிவை வெளியிடலாகாது. இனிமேல் பார்க்கப்போகும் ஒருவர் தாமே கண்டு வியக்க வேண்டியதை நாம் முன்கூட்டியே எடுத்துக்கொள்வது முறையன்று.

கருத்து, காரணம், காட்சி

நல்ல கருத்துரை ஒவ்வொன்றிலும் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது, நமக்குத் தோன்றியது. இரண்டாவது, அவ்வாறு தோன்றியதற்கான காரணம். மூன்றாவது, அக்காரணத்துக்குச் சான்றாகப் படத்தில் உள்ள காட்சி. இம்மூன்றில் கடைசிப் பகுதியையே நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ஆனால், பிறரால் சரிபார்க்கக் கூடியது அது ஒன்றுதான். 'எனக்குப் பிடித்தது' என்பதை எவராலும் சோதிக்க இயலாது. 'இந்தக் காட்சியைப் பாருங்கள்' என்றால், கேட்பவர் அந்தக் காட்சியைத் தாமும் நினைத்துப் பார்ப்பார். ஏற்பார் அல்லது மறுப்பார். உரையாடல் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

'காக்கா முட்டை' படத்தையே மீண்டும் கொள்வோம்.

தோன்றியது: பாட்டி வரும் காட்சிகள் என்னைக் கவர்ந்தன.

காரணம்: பணம் இல்லாத வீட்டிலும் பிள்ளைகளின் ஆசையை நிறைவேற்ற அவர் முயல்கிறார்.

காட்சி: பீட்சாவின் படத்தைப் பார்த்துவிட்டு, வீட்டில் உள்ள தோசை மாவைக் கொண்டே பாட்டி பீட்சா செய்து தருகிறார். விளம்பரத்தில் நூல் போல் நீண்டு வந்தது இதில் வரவில்லையே என்று பேரப்பிள்ளைகள் குறைப்படுகின்றனர்.

இக்காட்சியில் சிரிப்பும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது. 'நகைச்சுவை நன்று' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த வருத்தம் விடுபட்டிருக்கும். காட்சியைச் சுட்டும்போது, நாம் முதலில் கவனிக்காத ஒன்றையும் அது நமக்கே காட்டிவிடுகிறது.

எவற்றைக் கவனித்தல் வேண்டும்?

திரைப்படம் பலருடைய உழைப்பால் உருவாவது. கதை நன்றாக இருந்தும் ஒலி தெளிவற்றிருக்கலாம். கதை எளியதாக இருந்தும் நடிப்பு சிறந்திருக்கலாம். ஆகவே, படத்தை ஒரே பொருளாகக் கொள்ளாமல் அதன் கூறுகளைத் தனித்தனியே நோக்குதல் நன்று.

கதையும் திரைக்கதையும்: கதை என்பது நிகழ்ந்தது. திரைக்கதை என்பது அந்த நிகழ்ச்சிகளை எந்த வரிசையில், எந்த வேகத்தில் காட்டுகின்றனர் என்பது. 'கதை பிடித்தது; ஆனால் இரண்டாம் பாதி மெதுவாக நகர்ந்தது' என்று கூறுவோர் உண்மையில் திரைக்கதையைப் பற்றியே பேசுகின்றனர்.

நடிப்பு: உரத்து அழுவதும் ஆவேசமாகப் பேசுவதும் மட்டும் நடிப்பாகா. பேசாமல் நிற்கும்போது முகம் என்ன சொல்கிறது என்பதையும் காண வேண்டும்.

உரையாடல்: கதைமாந்தர் தம் ஊருக்கும் வயதுக்கும் ஏற்பப் பேசுகின்றனரா? சென்னைச் சிறுவனும் தஞ்சைப் பெரியவரும் ஒரே வகையாகப் பேசினால் அது குறையே.

ஒளிப்பதிவு: படக்கருவி எங்கிருந்து பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். 'காக்கா முட்டை' படத்தின் ஒளிப்பதிவையும் இயக்குநரே செய்துள்ளார். உயர்ந்த கட்டடங்களையும் கடையின் கண்ணாடிச் சுவரையும் அச்சிறுவர்களின் இடத்தில் நின்று நாம் பார்க்கும்போது, அவர்களுக்கும் அந்தக் கடைக்கும் இடையே உள்ள தொலைவு உரையாடல் இன்றியே விளங்குகிறது.

இசையும் ஒலியும்: பாடல் இனிமையாக இருந்ததா என்பது ஒரு வினா. அந்தப் பாடல் அந்த இடத்தில் தேவைதானா என்பது வேறொரு வினா.

படத்தொகுப்பு: எடுத்த காட்சிகளுள் எதை வைப்பது, எதை நீக்குவது, எவ்வளவு நேரம் காட்டுவது என்று முடிவு செய்யும் பணி இது. நன்கு அமைந்தால் இது கண்ணுக்குப் புலப்படாது.

இவை அனைத்தையும் ஒரே கருத்துரையில் எழுத வேண்டியதில்லை. உங்களை மிகுதியாகத் தொட்ட இரண்டை எடுத்துக்கொண்டு நிறைவாக எழுதுங்கள். ஆறையும் தொட்டு ஆறிலும் ஒரு சொல் எழுதுவதைவிட இது பயனுடையது.

ஒரே படம், இரண்டு கருத்து

2024ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று 'மெய்யழகன்' வெளியாயிற்று. ச. பிரேம்குமார் இயக்க, கார்த்தியும் அரவிந்த்சாமியும் நடித்த இப்படம் 'சத்யம் சுந்தரம்' என்னும் பெயரில் தெலுங்கிலும் வந்தது. ஆகவே, ஐதராபாத்தில் உள்ள தமிழ் மாணவர் ஒருவரும் அவருடைய தெலுங்கு நண்பரும் இந்தக் கதையைத் தத்தம் மொழியில் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசிக்கொள்ள முடிந்தது.

தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்த அருள்மொழி, சொத்துத் தகராறில் வீட்டை இழந்து 1996இல் குடும்பத்தோடு சென்னைக்குச் செல்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, உறவினர் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். அங்கே 'அத்தான்' என்று அன்போடு அழைத்து, ஓர் இளைஞர் அவரை விடாமல் உபசரிக்கிறார். அந்த இளைஞர் யார், அவர் பெயர் என்ன என்பது அருள்மொழிக்கு நினைவில்லை. கேட்கவும் கூச்சம். அந்த ஓர் இரவே படத்தின் பெரும்பகுதி. அந்தப் பெயரை அவர் எவ்வாறு அறிகிறார் என்பதை, முன்னர்க் கூறிய கட்டுப்பாட்டின்படி, இங்கே சொல்லாமல் விடுகிறோம்.

படம் வெளியானபோது இரண்டு வகையான கருத்துகள் எழுந்தன. உறவின் அருமையை இவ்வளவு அமைதியாகச் சொன்ன படம் அரிது என்று ஒரு சாரார் போற்றினர். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் இப்படம் நீளமானது, பேச்சு மிகுந்தது என்று மற்றொரு சாரார் கூறினர். வெளியான சில நாள்களிலேயே படக்குழுவினர் பார்வையாளர் கருத்தை ஏற்று, ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகளைக் குறைத்தனர்.

இந்நிகழ்ச்சி நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. கருத்து என்பது காற்றோடு போகும் பேச்சன்று. பலர் பல மாதம் உழைத்து முடித்த ஒரு படைப்பு, பார்வையாளர் சொன்ன சொற்களால் மாற்றம் பெற்றது. அந்த மாற்றத்தால் படம் விரைவு பெற்றது என்று மகிழ்ந்தோர் உண்டு. நீக்கியவற்றில்தான் படத்தின் உயிர் இருந்தது என்று வருந்துவோரும் இருக்கக்கூடும். நம் சொல் ஒருவருடைய உழைப்பைத் தொடும் என்று அறிந்தவர், அந்தச் சொல்லைப் பொறுப்போடு தேர்ந்தெடுப்பார்.

இதில் இன்னொன்றும் உண்டு. ஒரே வீட்டில் ஒன்றாக அமர்ந்து பார்த்தவர்களும் வேறுவேறு படத்தையே பார்க்கின்றனர். சொந்த ஊரை விட்டு வந்த தாயும் தந்தையும் இக்கதையில் தாம் விட்டு வந்த வீட்டைக் காணலாம். ஐதராபாத்திலேயே பிறந்த பிள்ளைக்கு அந்த வீடு நினைவில் இல்லை. கோடை விடுமுறையில் சென்று திரும்பும் ஊராகவே அது தெரியும். திருமண வீட்டில் "என்னைத் தெரிகிறதா?" என்று கன்னத்தைத் தொட்டுக் கேட்கும் உறவினரிடம் விடை தெரியாமல் விழிக்கும் பிள்ளைக்கோ, அருள்மொழியின் கூச்சம் நன்றாகவே விளங்கும். தந்தை அழுத இடத்தில் பிள்ளை அழாமல் இருப்பதும், பிள்ளை சிரித்த இடத்தில் தந்தை சிரிக்காமல் இருப்பதும் குற்றமாகா. ஏன் அப்படி என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டால், படத்தின் வழியாகக் குடும்பத்தின் கதையும் வெளிவரும். பெற்றோர் ஊரை விட்டு வந்த காரணத்தைப் பல பிள்ளைகள் அறிந்துகொள்வது இத்தகைய பேச்சில்தான்.

மாறுபட்டும் மதித்தும்

பின்வரும் உரையாடலைப் படியுங்கள்.

தங்கை: அண்ணா, 'மெய்யழகன்' படம் எனக்குச் சற்று நீளமாகத் தோன்றியது.

அண்ணன்: எந்தப் பகுதி நீளம் என்று நினைக்கிறாய்?

தங்கை: இரவு முழுவதும் இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வரலாறு, ஊர், உறவு என்று பேச்சு நீண்டுகொண்டே போகிறது.

அண்ணன்: நீ சொல்வது விளங்குகிறது. ஆயினும் அந்தப் பேச்சு தேவை என்று நான் கருதுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் விலகியிருந்தவர் தம் ஊரோடு மீண்டும் நெருங்க ஓர் இரவாவது வேண்டாமா?

தங்கை: நெருக்கம் வேண்டும்தான். ஆனால், அவர்கள் விட்டுச் சென்ற பழைய மிதிவண்டி அந்தக் குடும்பத்துக்கு எப்படி உதவியது என்று சொல்லும் காட்சி ஒன்றே அந்த நெருக்கத்தைக் காட்டிவிடுகிறதே, அண்ணா.

அண்ணன்: உண்மைதான். அந்தக் காட்சியின் வலிமையை நான் அப்படி எண்ணிப் பார்க்கவில்லை. இருந்தாலும், முன்னால் நடந்த பேச்சு இல்லாவிட்டால் மிதிவண்டி அவ்வளவு தொட்டிருக்குமா என்று ஐயமாக இருக்கிறது.

இவ்வுரையாடலில் எவரும் வெல்லவில்லை. தங்கை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அண்ணனும் முழுமையாக மாறவில்லை. ஆனால், இருவரும் படத்தை முன்னைவிட நன்றாகப் பார்க்கத் தொடங்கியுள்ளனர். அண்ணன் முதலில் மறுக்காமல், "எந்தப் பகுதி?" என்று கேட்டதைக் கவனியுங்கள். தங்கையும் "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று கூறாமல், ஒரு காட்சியைச் சான்றாக வைத்தாள்.

மாறுபட்ட கருத்தைத் தெரிவிக்கப் பயன்படும் தொடர்கள் சில:

நீங்கள் கூறுவது விளங்குகிறது, ஆயினும்…
எனக்கு அது வேறு வகையாகத் தோன்றியது. ஏனெனில்…
அந்தக் காட்சியில் உங்களைக் கவர்ந்தது எது?
இக்கருத்தில் ஒரு பகுதியை ஏற்கிறேன். மற்றொரு பகுதி குறித்து எனக்கு ஐயம் உண்டு.

குறை கூறும்போது, குறை படைப்பின் மீது இருக்க வேண்டும். படைத்தவர் மீது இருக்கலாகாது. ஒரு நடிகரின் நிறத்தையோ உருவத்தையோ இகழ்வது கருத்தாகாது. 'இந்தக் காட்சியில் அவருடைய அழுகை நம்பும்படி அமையவில்லை' என்பது கருத்து.

அது நம்முடைய கருத்துதானா?

படத்தைப் பார்க்கும் முன்னரே அதைப் பற்றிய பல குரல்கள் நம் காதில் விழுந்துவிடுகின்றன. எத்தனை கோடி வசூல், எத்தனை நட்சத்திரம், எந்த நடிகரின் விசிறிகள் என்ன சொன்னார்கள் என்பவை அக்குரல்கள். வகுப்பில் பத்துப் பேர் ஒரு படத்தைப் புகழும்போது, "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்ல அச்சமாகவும் இருக்கலாம்.

வசூல் என்பது எத்தனை நுழைவுச்சீட்டுகள் விற்றன என்பதற்கான கணக்கு. வாங்கியவர்கள் படத்தைப் பார்த்தபின் என்ன நினைத்தார்கள் என்பதை அது கூறாது. மதிப்பெண்ணும் அத்தகையதே. ஆனந்த விகடன் இதழ் பல ஆண்டுகளாகத் தன் விமர்சனத்தோடு படத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் அளித்து வந்தது. 1977இல் வெளியான '16 வயதினிலே' 62.5 மதிப்பெண் பெற்றதை இன்றும் பலர் நினைவுகூர்கின்றனர். ஆனால், அந்த எண்ணை மட்டும் கேட்கும் ஒருவருக்கு அந்தப் படம் எத்தகையது என்று ஏதேனும் விளங்குமா? எண்ணுக்குப் பொருள் தருவது அதனோடு வந்த எழுத்துதான்.

அதே இதழில், அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்னர், எழுத்தாளர் கல்கி 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் இசை, நடனம், திரைப்படம் ஆகியவற்றைப் பற்றித் தம் கருத்துகளை எழுதினார். புகழ்பெற்றவர் என்பதற்காகப் புகழாமலும், புதியவர் என்பதற்காக ஒதுக்காமலும், தாம் கண்டதையும் கேட்டதையும் நகைச்சுவையோடு எழுதிய அவர் எழுத்தைப் படிக்கவே வாசகர் காத்திருந்தனர். அவர் எழுதிய 'தியாகபூமி' 1939இல் திரைப்படமாயிற்று. பிறர் படைப்பைக் குறித்துக் கருத்துரைத்தவர், தம் படைப்பின் மீது பிறர் கருத்துரைக்கவும் இடம் தந்தார்.

பிறர் கருத்தைப் படிக்கவே கூடாது என்பதன்று இதன் பொருள். முதலில் உங்கள் கருத்தைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்; பின்னர்ப் பிறருடையதைப் படியுங்கள். அப்போது எது உங்களுடையது, எது கேட்டு வந்தது என்பது தெளிவாகும்.

சிறுவர் கருத்துக்கு இடம் தந்த நகரம்

சிறுவரின் கருத்தை யார் கேட்கப் போகிறார்கள் என்று எண்ண வேண்டா. நீங்கள் வாழும் ஐதராபாத் நகரமே இதற்கு விடை கூறும். இந்தியப் பன்னாட்டுக் குழந்தைகள் திரைப்பட விழா 1979ஆம் ஆண்டு பம்பாயில் முதன்முதலாக நடைபெற்றது. பின்னர்ப் பல நகரங்களுக்குச் சென்ற அவ்விழா, ஐதராபாத்தைத் தன் நிலையான இடமாகக் கொண்டது. 19ஆவது விழா 2015 நவம்பர் 14 முதல் 20 வரையிலும், 20ஆவது விழா 2017 நவம்பரிலும் இந்நகரிலேயே நடைபெற்றன. 'தங்க யானை' என்பது அவ்விழாவின் பெயராகவும் பரிசாகவும் விளங்கியது.

அவ்விழாவின் சிறப்பு, சிறுவர்களைக் கொண்டே ஒரு நடுவர் குழு அமைக்கப்பட்டதாகும். பெரியோர் எடுத்த படங்களைச் சிறுவர் பார்த்து, தமக்குள் பேசி, பரிசுக்குரிய படத்தைத் தேர்ந்தனர். நடுவர் குழுவில் 'சூப்பர்' என்னும் சொல் உதவாது. ஒருவருக்குப் பிடித்த படம் மற்றொருவருக்குப் பிடிக்காதபோது, காட்சியைச் சுட்டிக் காரணம் சொன்னால்தான் முடிவுக்கு வர இயலும். இப்பாடத்தில் நாம் பழகுவதும் அதுவே.

தெரிந்து தெளிவோம்

திரையரங்குகளில் வெளியாகும் படங்களுக்கு மத்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் சான்று வழங்குகிறது. 'யு' சான்று பெற்ற படத்தை அனைவரும் பார்க்கலாம். 'ஏ' சான்று பெற்றது வயதுவந்தோர்க்கு மட்டும் உரியது. இடையில் உள்ள 'யுஏ' சான்று, 2024ஆம் ஆண்டு முதல் 7+, 13+, 16+ என மூன்று பிரிவுகளாக வழங்கப்படுகிறது. கருத்துரையின் இறுதியில் 'இப்படம் எந்த வயதினர்க்கு ஏற்றது' என்று எழுதும்போது இச்சான்றையும் நோக்குக.

மாதிரிக் கருத்துரை

'காக்கா முட்டை' அண்மையில் நான் வீட்டில் பார்த்த படம். பீட்சா உண்ண விரும்பும் குடிசைப் பகுதிச் சிறுவர் இருவரின் கதை இது. ஏழைகளைப் பற்றிய படம் என்றதும் முழுவதும் அழுகையாக இருக்கும் என்று எண்ணினேன். ஆனால், அச்சிறுவர்கள் தம்மை எளியவர்களாக எண்ணி வருந்திக்கொண்டே இருப்பதில்லை. ஒவ்வொரு தடைக்கும் புதிய வழி தேடுகின்றனர். புத்தாடை அணிந்தால் உள்ளே விடுவார்கள் என்று எண்ணி, அந்த ஆடையைப் பெற அவர்கள் செய்யும் முயற்சியைச் சான்றாகக் கூறலாம். புத்தாடையோடு சென்றும் அடி வாங்கும் காட்சியில் எனக்குச் சினம் வந்தது. படத்தின் முடிவில் பீட்சாவை உண்ட பின், பாட்டி செய்த தோசையே மேல் என்று அவர்கள் கருதுவது எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டியை இழந்த பிறகு வரும் காட்சியாதலால் சிரித்துக்கொண்டே வருந்தினேன். செய்தித் தொலைக்காட்சிகளும் அரசியல்வாதிகளும் வரும் பகுதி மட்டும் சற்று மிகைப்படுத்தப்பட்டதாகத் தோன்றியது. கடையின் கண்ணாடிக்கு உள்ளே இருந்தே வெளியே பார்த்துப் பழகிய என்னைப் போன்றோர் இப்படத்தைப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

இக்கருத்துரையில் கதைச்சுருக்கம் ஒரு தொடரில் முடிந்துவிட்டது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு காட்சி வருகிறது. பாராட்டு மட்டுமன்றி, ஒரு குறையும் உண்டு. எழுதியவர் தம்மைப் பற்றியும் இறுதித் தொடரில் ஒன்றைச் சொல்லிவிடுகிறார். பிறர் கருத்தைப் படியெடுத்திருந்தால் அந்த இறுதித் தொடர் வந்திராது.

நம் மொழியில் நம் கருத்து

தமிழின் முதல் பேசும் படமாகக் கொள்ளப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் வெளியாயிற்று. எச். எம். ரெட்டி இயக்கிய அப்படத்தில் கதைத்தலைவியாக நடித்த டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, உடன் நடித்தோருள் சிலர் தெலுங்கில் பேசினர். தமிழும் தெலுங்கும் ஒரே திரையில் அருகருகே ஒலித்தன. ஐதராபாத்தில் வாழும் தமிழ் மாணவர்களின் ஒரு நாளும் ஏறத்தாழ அவ்வாறே அமைகிறது.

பல மொழி அறிந்திருப்பது பேறு. தெலுங்கு நண்பரிடம் தெலுங்கில் கருத்துரையுங்கள். ஆனால், ஊரில் உள்ள பாட்டி தொலைபேசியில், "என்ன படம் பார்த்தாய், கண்ணு? எப்படி இருந்தது?" என்று கேட்கும்போது, உங்கள் மனத்தில் உள்ளதை அவருக்கு விளங்கும் மொழியில் முழுமையாகச் சொல்ல உங்களால் இயல வேண்டும். அதற்கு வேண்டிய சொற்களைச் சேர்த்துக்கொள்ள, இனிப் பார்க்கும் ஒவ்வொரு படமும் ஒரு வாய்ப்பு.

சொல்லும் பொருளும்

கருத்துரை – ஒன்றைப் பற்றித் தாம் எண்ணியதை எடுத்துக் கூறல்
திரைக்கதை – கதையைத் திரைக்கு ஏற்ற காட்சிகளாக வரிசைப்படுத்தியது
படத்தொகுப்பு – காட்சிகளைத் தேர்ந்து, வெட்டி, இணைத்தல்
சான்று – ஆதாரம், சான்றிதழ்
சாரார் – ஒரு பகுதியினர்
இருப்புப்பாதை – தொடர்வண்டி செல்லும் பாதை
ஐயம் – சந்தேகம்
விசிறிகள் – ஒரு நடிகரிடம் மிகுந்த ஈடுபாடு உடையோர்
பேறு – கிடைத்தற்கரிய நன்மை

கற்பவை கற்றபின்

1. அண்மையில் நீங்கள் பார்த்த படம் ஒன்றைத் தேர்ந்து, 'தோன்றியது, காரணம், காட்சி' என்னும் மூன்று தலைப்புகளில் குறிப்பு எழுதுக.

2. அதே படத்தைப் பார்த்த உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் கருத்தைக் கேட்டு எழுதுக. உங்கள் கருத்தோடு அது எங்கே ஒன்றுகிறது, எங்கே வேறுபடுகிறது?

3. வகுப்பில் ஐவர் கொண்ட நடுவர் குழு அமைத்து, மூன்று படங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தேர்ந்தமைக்கான காரணத்தை ஒருவர் அறிவிக்க.

மதிப்பீடு

குறுவினா

1. கதைச்சுருக்கத்துக்கும் கருத்துரைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. கதை, திரைக்கதை – வேறுபடுத்துக.
3. படத்தின் வசூலைக் கொண்டு அதன் தரத்தை ஏன் அறிய இயலாது?

சிறுவினா

1. உரையாடலில் அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் மதித்தமையைச் சான்றுடன் விளக்குக.
2. 'மெய்யழகன்' படத்தின் சில காட்சிகள் வெளியீட்டுக்குப் பின் குறைக்கப்பட்டதை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் கூறுக.

நெடுவினா

வகுப்பில் அனைவரும் புகழ்ந்த படம் ஒன்று உங்களுக்குப் பிடிக்கவில்லை எனக் கொள்க. எவரையும் புண்படுத்தாமல், சான்றுகளோடு உங்கள் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.